போதும், வாலாட்டி

கில்பர்ட் ஃபாசெட் காலை ஒன்பதரையிலிருந்து பேட்மின்டன் கோட்டின் மேல் நடந்துகொண்டிருந்தார். கார்த்வெய்ட் நகர விளையாட்டரங்கில் வலையைக் கழற்றிவிட்டு மேசைகளை வரிசையாகப் போட்டு, முந்தின நாள் விழுந்த ஓட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ண வந்தவர்களில் பாதிப் பேர் வங்கிக் காசாளர்கள். அவர்கள் விரலுக்கு முன்னால் காகிதம் நிற்காது. அடுத்த கட்டடத்து நீச்சல் குளத்தின் குளோரின் வாடை கதவிடுக்கு வழியாக வந்துகொண்டே இருந்தது. கில்பர்ட் வெள்ளைக் கோட்டின் இந்த முனைக்கு வருவார், மேசைகளை எட்டிப் பார்ப்பார், அந்த முனைக்குப் போவார். அவருடைய தேர்தல் ஏஜென்ட் ரெஜ் டோட் இரண்டு தடவை நாற்காலி கொண்டுவந்து போட்டார். இரண்டு தடவையும் கில்பர்ட் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். இவருக்கு இரண்டுமே வாய்த்திருந்தன. நாடாளுமன்றத்தில் இருபத்தேழு வருஷம் உட்கார்ந்திருந்தவர் என்று பேர்தானே ஒழிய, உட்கார்ந்த இடத்திலும் வலது கால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் முதுகில் முழங்கால் இடிக்கிறது என்று கட்சிக் கொறடாவிடம் புகாரே கொடுத்திருக்கிறார்.

முப்பத்தாறு வயதில் முதல் தடவை ஜெயித்தபோது, ஐந்து வருஷத்தில் மந்திரி, பத்தில் பெரிய மந்திரி என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். கட்சி வேறு கணக்குப் போட்டது. பின்வரிசையில் பதினோரு வருஷம். பிறகு ஒருநாள் கூப்பிட்டு, கால்வாய்களுக்கும் வடிகால்களுக்கும் துணை மந்திரி என்றார்கள். அதுவும் பதின்மூன்றே மாதம். இலாகா மாற்றத்தில் தன் பதவி போன செய்தியை முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது வானொலியில் கேட்டார். பாதி முகத்தில் நுரையோடு ஓடிவந்து தொலைபேசிக்குப் பக்கத்தில் நின்றார். அது மூன்று நாள் அடிக்கவில்லை. சொந்த ஊருக்கு அவர் வாங்கிக் கொடுத்தது ஒரு புறவழிச்சாலை. ஊருக்குள் லாரிச் சத்தம் நின்றது. லாரிக்காரர்கள் டீ குடித்த மூன்று கடைகளும் நின்றன. சத்தம் போனதை மறந்துவிட்டு, கடை போனதற்கு மட்டும் ஊர் அவரைத் திட்டியது.

ஆனாலும் அவரால் விட முடியவில்லை. திங்கள் ரயிலில் லண்டன், வெள்ளி ரயிலில் வீடு, சனிக்கிழமை காலை நூலகத்து மாடியில் தொகுதி மக்கள். சாக்கடை, வேலி, பக்கத்து வீட்டு நாய், ஓய்வூதியம். தொகுதியில் உள்ள நாய்களில் பாதியை அவருக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். சொந்த மகள் கல்யாணத்தில் கேக் வெட்டும் முன்பே கிளம்பிப் போய், மீன்பிடி மசோதா ஒன்றுக்கு ஓட்டுப் போட்டார். அது தொண்ணூறு ஓட்டு வித்தியாசத்தில் நிறைவேறியது. அவர் போகாவிட்டால் எண்பத்தொன்பதில் நிறைவேறியிருக்கும்.

லண்டனில் ஓட்டெடுப்புக்குச் சபை மணி அடித்தால் எட்டே நிமிஷம். அதற்குள் 'ஆம்' வாசலிலோ 'இல்லை' வாசலிலோ புகுந்துவிட வேண்டும். பிறகு கதவைச் சாத்திவிடுவார்கள். வாயில் வைத்த கறியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப் பழகியவருக்கு, வீட்டில் அடுப்பங்கரைக் கடிகாரம் கிணுகிணுத்தாலும் கால் தானாக எழுந்துவிடும். அவர் மனைவி தெல்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, முட்டை வேகவைக்க மணல் கடிகாரம் ஒன்று வாங்கி வைத்தாள். மணலுக்குச் சத்தமில்லை.

கடைசித் தேர்தல் இதுதான் என்று அவர் தெல்மாவிடம் மூன்று தேர்தலாகச் சொல்லியிருந்தார். தெல்மாவுக்கு அறுபத்தொன்று. சில்லத் என்ற கடலோர ஊரில், கடலைப் பார்த்தபடி அவள் அக்காள் விட்டுப்போன சின்ன வீடு பூட்டிக் கிடந்தது. போன வருஷம் அவள் இதைப் பற்றி லண்டனுக்கு ஒரு கடிதமே எழுதினாள், நேரில் சொன்னால் காதில் ஏறாததால். பத்து நாளில் பதில் வந்தது: அன்புள்ள திருமதி ஃபாசெட், தங்கள் கருத்துக்கு நன்றி, அது உறுப்பினரின் கவனத்துக்குக் கொண்டுவரப்படும். அலுவலகப் பெண் வழக்கமான கடிதத்தை அனுப்பிவிட்டாள். கில்பர்ட் இதை நல்ல வேடிக்கையாகப் பல விருந்துகளில் சொல்லிச் சிரித்தார். தெல்மா பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரியில் அவள் தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: தேர்தல் முடிந்த மறுநாள் நான் சில்லத்துக்குப் போகிறேன், நீ வருவதும் வராததும் உன் இஷ்டம். முதலில் ஜெயிக்கிறேன், பிறகு பேசலாம் என்றார் இவர். அவள் பெட்டி கட்ட ஆரம்பித்தாள். எட்டுத் தேர்தலிலும் ஓட்டு எண்ணும் இடத்தில் அவர் பக்கத்தில் நின்றவள், இந்த ஒன்பதாவதற்கு வரவில்லை. அதைத்தான் அவர் அந்த வெள்ளைக் கோட்டின் மேல் நடந்து நடந்து மறக்கப் பார்த்தார்.

பன்னிரண்டு மணிக்கு முதல் எண்ணிக்கை முடிந்தபோது அவர் நான்கு ஓட்டு பின்தங்கியிருந்தார். ரெஜ் மறு எண்ணிக்கை கேட்டார். ஒன்றரை மணிக்கு இருவரும் சமம். எதிர்த்து நின்ற ஜூடித் மார்ஷ் கேட்டாள். மறுபடி எண்ணினார்கள், மறுபடி சமம். ஆளுக்குப் பதினெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறு. ஜூடித் பள்ளி ஆசிரியை, முப்பத்தெட்டு வயது, நிதானமானவள்; எண்ணி முடிக்கும்வரை பின்னல் பின்னிக்கொண்டிருந்தாள். செம்மறியாட்டு வேஷம் கட்டிக்கொண்டு வேடிக்கைக்காக நின்ற மூன்றாவது ஆளுக்கு இருநூற்றுப் பதினொன்று. அவர் ஆட்டுத் தலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஹாம் சாண்ட்விச் தின்றார்.

மிச்சம் இருந்தது சந்தேகச் சீட்டுகள். குறி சரியாகப் போடாத சீட்டுகளை ஒரு தட்டில் ஒதுக்கி வைத்து, தேர்தல் அதிகாரி ஒவ்வொன்றாக வேட்பாளர்களுக்குக் காட்டுவார். தொடக் கூடாது, பார்க்க மட்டும்தான். அதிகாரி ஸ்டப்ஸ் இதில் ரொம்பக் கண்டிப்பு. எல்லாரையும் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார். ஒருவர் கில்பர்ட்டின் கட்டத்தில் சிரிக்கிற முகம் வரைந்திருந்தார்: கில்பர்ட்டுக்கு. இன்னொருவர் ஜூடித்தின் கட்டத்தில், வீட்டில் சொல்லக்கூடாத ஒன்றை வரைந்திருந்தார். வரைந்தது எதுவானாலும் கட்டத்துக்குள் இருக்கிறது, மற்ற கட்டங்கள் காலி, ஆகவே ஜூடித்துக்கு என்றார் ஸ்டப்ஸ், முகத்தில் ஒரு ரோமம் அசையாமல். நாற்பது சீட்டு இப்படிப் போனது. இவருக்கு ஒன்பது, அவளுக்கு ஒன்பது, மற்றவை குப்பை. மறுபடி சமம்.

"கடைசி ஒண்ணு," என்று ஸ்டப்ஸ் தட்டின் அடியிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார்.

கில்பர்ட் ஃபாசெட் என்ற பெயருக்கு நேராக இருந்த கட்டத்தில், பென்சிலால், பொடி எழுத்தில், 'போதும், வாலாட்டி' என்று எழுதியிருந்தது.

ரெஜ் உரக்கப் படித்துவிட்டு மூக்கைச் சுளித்தார். எஜமானுக்கு வாலாட்டுகிற நாய் என்று எவனோ திட்டுகிறான் என்றார். ஆனால் அடுத்த மூச்சிலேயே அவருக்குள் இருந்த கட்சிக்காரர் விழித்துக்கொண்டார்: திட்டானால் என்ன, எங்கள் கட்டத்தில்தானே இருக்கிறது, சற்றுமுன் அந்தச் சித்திரத்தை அவர்களுக்குக் கொடுத்தீர்களே. ஜூடித் ஒத்துக்கொள்ளவில்லை. போதும் என்று எழுதியவர் எப்படி இன்னும் வேண்டும் என்று கேட்டதாக ஆகும் என்றாள். நியாயமான கேள்விதான்.

கில்பர்ட்டுக்கு எதுவும் காதில் விழவில்லை. கடைசி எழுத்தின் சுழியை நீட்டி மேலே வளைத்து விட்டிருந்த விதத்தை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்துநாலு வருஷமாக மளிகைப் பட்டியலில் பார்த்த கையெழுத்து. கல்யாணத்துக்கு முன்னால், ஓடைக்கரையில் பாறை விட்டுப் பாறை தாவி, நின்ற இடத்திலும் வாலை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு வாலாட்டிக் குருவியைக் காட்டி, இதோ நீ என்றாள் தெல்மா. அன்றிலிருந்து கதவைச் சாத்திவிட்டால் அவருக்கு அதுதான் பெயர். மகளுக்குக்கூடத் தெரியாது.

"கில்பர்ட், உங்க கால் ஆடாம நிக்குது. உடம்புக்கு ஏதாவது?" என்று கேட்டாள் ஜூடித்.

ஸ்டப்ஸ் சட்டப் புத்தகத்தைப் பார்க்கப் பத்து நிமிஷம் கேட்டார். சிறுநீர் கழிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு கில்பர்ட் தாழ்வாரத்துக்கு வந்து, பொதுத் தொலைபேசியில் பத்துப் பென்ஸ் நாணயத்தைப் போட்டார். அவசரத்தில் முதல் நாணயம் கீழே விழுந்து, நீச்சல் உடையில் போன ஒரு பெண் எடுத்துக் கொடுத்தாள்.

"தோத்துட்டியா?" என்றாள் தெல்மா, அவர் வாயைத் திறக்கும் முன்பே.

"இல்ல. நீ எழுதினதைப் பாத்தேன்."

"பாக்கணும்னுதானே எழுதினேன். லெட்டர் போட்டா உன் ஆபீஸ் பொண்ணு பதில் போடுது. செல்லாத சீட்டுன்னா நீயே நின்னு படிச்சாகணும். எட்டு எலெக்சன்ல உன் பக்கத்துல நின்னு வேற என்னத்தைக் கத்துக்கிட்டேன்?"

"அது செல்லாத சீட்டு இல்ல தெல்மா. என் கட்டத்துக்குள்ள எழுதியிருக்க. செல்லும்னு சொல்லப் போறார் ஸ்டப்ஸ். ரெண்டு பேரும் சமம். உன்னோட ஒரு ஓட்டுல நான் ஜெயிக்கிறேன்."

மறுமுனையில் அவள் சிரிப்பது கேட்டது. சந்தோஷச் சிரிப்பில்லை, ஆனால் சிரிப்புதான்.

"கை பழகிப்போச்சு," என்றாள். "பென்சிலை எடுத்தா அந்தக் கட்டத்துக்குத்தான் போகுது. இருபத்தேழு வருஷத்துல ஒரே ஒரு தடவை வேண்டாம்னு சொன்னேன். அதையும் வேணும்னு எண்ணிட்டீங்களேப்பா."

யார் எழுதியது என்று சீட்டிலிருந்தே தெரிந்துவிட்டால் அது செல்லாது, ஸ்டப்ஸ் அதைக் கட்டாயம் கேட்பார் என்று கில்பர்ட் அவளுக்கு விளக்கினார். செல்லாது என்றால் சமம். சமம் என்றால் இரண்டு பெயரையும் எழுதிப் போட்டுக் குலுக்கி எடுப்பார்கள்.

"குலுக்கட்டுமே. பாதி உனக்குத்தானே?"

நாணயம் தீர்வதற்கான சத்தம் கேட்டது.

"இங்க பாரு," என்றாள் தெல்மா. "மூணே முக்கால் பஸ்ல போறேன். அந்த அரங்கு வாசல்ல அது நிக்கும். நீ ஜெயிச்சிட்டு வந்தாலும் சரி, தோத்துட்டு வந்தாலும் சரி, எனக்கு ஒண்ணுமில்ல. அந்த வாலாட்டி நீதான்னு அங்க நாலு பேர் முன்னால சொல்லிட்டு வா. ஒரு தடவையாவது நான் சொன்னது உன் காதுல விழுந்துச்சுன்னு எனக்குத் தெரியணும்."

நாணயம் தீர்ந்தது. பையில் இன்னும் மூன்று நாணயம் இருந்தன. அவர் போடவில்லை.

திரும்பி நடந்த அந்த முப்பது நாற்பது அடியில் அவர் உண்மையாகவே சொல்லிவிடுவது என்றுதான் இருந்தார். இதை அவருக்காகச் சொல்லியாக வேண்டும். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதுக்குள் தயாரித்துக்கூட விட்டார், நல்ல வாக்கியம்: சீட்டில் உள்ள பெயர் என்னுடையது, அந்தப் பெயரால் என்னைக் கூப்பிடுகிறவர் உலகத்தில் ஒருவர்தான். பேச்சாளர் அல்லவா, எங்கே நிறுத்தி எங்கே குரல் தாழ்த்துவது என்பதுவரை தயாராக இருந்தது. கதவைத் தள்ளி உள்ளே வந்தார். மேசைகள், காகிதக் கட்டுகள், கூரையோரம் நின்ற தொலைக்காட்சி விளக்கு. அவருடைய ஆட்கள் முப்பது பேர் மார்பில் கட்சி நிறப் பட்டுப்பூவோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதி வாய்ப்பு என்று தெல்மா சுலபமாகச் சொல்லிவிட்டாள். மற்ற பாதியை அவர் நினைத்துப் பார்த்தார். திங்கள்கிழமை, ரயில் இல்லாத திங்கள்கிழமை. சில்லத்தில் கடல். கடலை எவ்வளவு நேரம் பார்க்க முடியும்? அவருக்குப் பயமாக இருந்தது. கடலைப் பார்க்கப் பயந்த ஒரே கடலோர நாட்டுக்காரர் அவராகத்தான் இருக்க வேண்டும்.

ஸ்டப்ஸ் புத்தகத்தை மூடினார். ஒரு கட்டத்தில் மட்டுமே எழுத்து இருக்கிறது, ஆகவே ஓட்டு ஃபாசெட்டுக்குத்தான், ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தால் போதும் என்றார்.

"இதுல எழுதியிருக்கிற பேரை வச்சு, எழுதினது யாருன்னு இங்க யாருக்காவது தெரியுதா?"

ரெஜ் தெரியாது என்றார். ஜூடித் தெரியாது என்றாள். ஆட்டு வேஷக்காரரும் மரியாதைக்காக யோசித்துப் பார்த்துவிட்டுத் தெரியாது என்றார். ஸ்டப்ஸ் கில்பர்ட் பக்கம் திரும்பினார்.

"மிஸ்டர் ஃபாசெட்?"

சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று இருபது. வாலாட்டி இந்தத் தடவை தலையை ஆட்டினார். இல்லை என்று, மெதுவாக, இரண்டு பக்கமும். வாயைத் திறக்காததால் அது பொய்யில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது பொய்தான், அவருக்கும் அது தெரியும்.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. ஸ்டப்ஸ் மேடையேறி, கீழே கையெழுத்திட்டுள்ள நான் என்று தொடங்கும் அறிவிப்பைப் படித்து, ஒரு ஓட்டு வித்தியாசத்தில் கில்பர்ட் ஃபாசெட் முறைப்படி தேர்ந்தெடுக்கப்பட்டதாகச் சொன்னார். ரெஜ் அழுதேவிட்டார். ஜூடித் பின்னலைப் பையில் திணித்துவிட்டு வந்து கை கொடுத்தாள். அவளுடைய கை சூடாக இருந்தது, அவர் கை சில்லிட்டிருந்தது. அவரை ஒலிபெருக்கி முன்னால் தள்ளிவிட்டார்கள்.

அதிகாரிக்கு நன்றி, காவல்துறைக்கு நன்றி, எண்ணியவர்களுக்கு நன்றி. எட்டுத் தடவை சொன்ன பேச்சு, தானாகவே ஓடியது. அடுத்த இடத்தில் மனைவிக்கு நன்றி வரும். இடது பக்கம் திரும்பிக் கையை நீட்டுவார், தெல்மா ஒரு அடி முன்னால் வருவாள். பழக்கத்தில் திரும்பிக் கையை நீட்டிவிட்டார். அங்கே ரெஜ் நின்றார். கூட்டம் காத்திருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். தொண்டைக்குள் என்ன இருந்ததோ அதுவே வெளியே வந்தது.

"என் மனைவி தெல்மாவின் ஓட்டு மட்டும் இல்லையென்றால், இன்று நான் இங்கே நின்றிருக்க முடியாது."

ஒரு ஓட்டு வித்தியாசம் அல்லவா? அரங்கமே அதிர்ந்தது. ஜூடித்கூடச் சிரித்துவிட்டாள். காசாளர்கள் மேசையைத் தட்டினார்கள். இருபத்தேழு வருஷத்தில் அவர் சொன்ன எந்த நகைச்சுவைக்கும் இப்படிக் கைதட்டல் விழுந்ததில்லை. கில்பர்ட் வெட்கத்தில் குன்றிப்போனார். அது அடக்கம் என்று நினைத்து இன்னும் தட்டினார்கள்.

மேடையிலிருந்து இறங்கியதும் ரெஜ்ஜிடம் அவசரமாக வெளியே போக வேண்டும் என்றார். ஐந்தே நிமிஷம், வானொலிக்காரர் காத்திருக்கிறார் என்று ரெஜ் முழங்கையைப் பிடித்து வாசல் பக்கம் நடத்திக்கொண்டு போனார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் உள்ளூர் வானொலி நிருபர் தோளில் பெட்டியோடு நின்றார். அந்தப் பக்கம் மழைத் தூறலில் சில்லத் பஸ் வந்து நின்றது.

தெல்மா ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கோட்டு, மடியில் கைப்பை. அவள் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் வாசலில் ஒரு தாய் குழந்தை வண்டியை மடக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தாள். ஓட்டுநர் இறங்கி உதவிக்கு வந்தார். கதவிலிருந்து பஸ்ஸுக்கு இருபது அடி இருக்கும். வாழ்நாள் முழுக்க எங்கெங்கோ ஓடியவருக்கு அது ஒரு தூரமே இல்லை.

"சார், ஒரு சின்னச் சிக்கல்," என்றார் நிருபர். "அந்த மனைவி ஓட்டு ஜோக் சொன்னீங்க பாருங்க, அப்ப என் டேப் ஓடல. இன்னொரு தடவை சொல்ல முடியுமா? ஆறு மணிச் செய்தியில அதுதான் முதல்ல வரும்."

ஓட்டுநர் வண்டியை மடக்கி உள்ளே ஏற்றினார். கில்பர்ட் கதவைப் பார்த்தார், நிருபர் நீட்டிய ஒலிவாங்கியைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். தெல்மாவின் ஓட்டு என்ற இடத்தில் சற்று நிறுத்தி, மட்டும் என்பதை அழுத்தி, மறுபடி சொன்னார். முதல் தடவையைவிட நன்றாக வந்தது.

நிருபர் சிரித்தார். ரெஜ் சிரித்தார். கில்பர்ட்டும் சிரித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது, கண்ணாடிக்கு வெளியே பஸ் நின்ற இடத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அவருடைய வலது கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது.